ஷாம்பேன்–அர்பானாவில் குடியேறுபவர்களுக்கு: ஆகஸ்டில் தொடங்கி ஆகஸ்டில் முடியும் ஊர்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவிலிருந்து தெற்கே சுமார் 135 மைல். கண்ணுக்கு எட்டும் வரை மக்காச்சோளமும் சோயாவும் விளையும் தட்டை நிலம், நடுவில் ஒட்டிக்கிடக்கும் இரண்டு ஊர்கள். 2020 கணக்கெடுப்பின்படி ஷாம்பேனில் 88 ஆயிரம் பேர், அர்பானாவில் 38 ஆயிரம் பேர். இரண்டுக்கும் குறுக்கே கிடக்கும் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் மட்டும் 56 ஆயிரத்துக்கு மேல். அதனால் இங்கே வாடகையும் பஸ் நேரமும் கடை திறக்கும் நேரமும் பல்கலைக்கழக நாட்காட்டியைப் பார்த்தே நகர்கின்றன. வகுப்புகள் ஆகஸ்டு நாலாவது வாரத்தில் தொடங்கி டிசம்பர் நடுவில் தேர்வோடு முடியும். மறுபடி ஜனவரி நடுவிலிருந்து மே முதல் பாதி வரை.

நம் ஊரில் வீடு காலியானால் பார்க்கலாம், பஸ் வந்தால் ஏறலாம். இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன்னால் செய்தால் எளிதாகவும் மலிவாகவும் முடியும். பின்னால் செய்தால் காசும் தூக்கமும் போகும். முதுகலைக்கோ ஆய்வுக்கோ வருபவர்களை மனதில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறோம். குடும்பத்தோடு வருபவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

வந்து சேர்வது

பெரும்பாலோர் சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தில் இறங்குவார்கள். அங்கிருந்து மூன்று வழிகள்.

1. விமான நிலையத்திலிருந்தே புறப்படும் பஸ். சுமார் மூன்று மணி நேரம், சாலை நெரிசலில் இன்னும் கூடும். இரண்டு பெரிய பெட்டிகளோடு வருபவர்களுக்கு இதுதான் நல்லது. விமானம் இறங்கும் நேரத்துக்கும் பஸ் நேரத்துக்கும் நடுவில் குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள். குடிநுழைவு வரிசை ஆகஸ்டில் மிக நீளம்.

2. ரயில். ஓஹேரிலிருந்து ப்ளூ லைன் ரயிலில் கிளின்டன் நிலையத்தில் இறங்கி, வடக்கே கொஞ்சம் நடந்தால் யூனியன் ஸ்டேஷன். அங்கிருந்து ஆம்ட்ராக் ரயில் ஷாம்பேனின் இல்லினாய் டெர்மினலுக்குப் போகும். இல்லினி, சலூக்கி, சிட்டி ஆஃப் நியூ ஆர்லியன்ஸ் என்ற மூன்று ரயில்கள் இந்த வழியில் ஓடுகின்றன. மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பெட்டி ஒன்றோடு வருபவருக்கு ஏற்றது.

3. ஷாம்பேனுக்குத் தெற்கே சவாயில் இருக்கும் வில்லார்டு விமான நிலையம். சிறியது, பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமானது. கட்டணம் கூடுதலாக இருக்கும், ஆனால் இறங்கினால் வீடு பதினைந்து நிமிடம்.

நள்ளிரவில் வந்து சேரும்படி டிக்கெட் எடுக்காதீர்கள். வீட்டுச் சாவி தரும் அலுவலகங்கள் மாலை ஐந்து மணிக்கு மூடிவிடும். சனி ஞாயிறில் பல அலுவலகங்கள் திறப்பதே இல்லை.

வீடு: அதிகப் பணம் இதில்தான் போகும்

இளங்கலை முதலாண்டில் சேருபவருக்குத் தேர்வு குறைவு. 21 வயதுக்குக் குறைந்த, 30 கிரெடிட்டை எட்டாத, மணமாகாத மாணவர் பல்கலைக்கழக விடுதியிலோ அது சான்றளித்த தனியார் விடுதியிலோதான் இருக்க வேண்டும். முதுகலை மாணவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. பல்கலைக்கழகமே நடத்தும் டேனியல்ஸ், ஷெர்மன் விடுதிகளும், குடும்பத்தோடு வருபவர்களுக்குத் தெற்கு அர்பானாவில் ஆர்ச்சர்டு டவுன்ஸ் குடியிருப்பும் உண்டு. மற்றவர்கள் எல்லோரும் வெளியே எடுக்கிறார்கள்.

இடத்தை முடிவு செய்ய முதலில் உங்கள் துறை எங்கே என்று பாருங்கள். ரைட் தெருதான் வளாகப் பகுதியில் இரண்டு ஊர்களுக்கும் எல்லை. கிரீன் தெருவுக்கு வடக்கே பொறியியல் துறைகள். கணினி அறிவியலின் சீபல் மையம் குட்வின் அவென்யூவில், அர்பானா பக்கம். தெற்கே போகப் போக வேளாண்மை, கால்நடை மருத்துவம். ரைட் தெருவுக்கு மேற்கே கிரீன் தெருவைச் சுற்றியிருப்பது கேம்பஸ்டவுன். புதிய உயரமான கட்டடங்கள், உணவகங்கள், மதுக்கூடங்கள் எல்லாம் அங்கேதான். குடிக்க 21 வயது வேண்டும் என்றாலும், ஷாம்பேனில் 19 வயதில் மதுக்கூடத்துக்குள் நுழையலாம். ஆகவே வியாழன் முதல் சனி வரை இரவு இரண்டு மணிக்கும் தெருவில் சத்தம் இருக்கும். லிங்கன் அவென்யூவுக்குக் கிழக்கே அர்பானாவில் பெரிய மரங்கள், பழைய மரவீடுகள், அமைதி. முதுகலை மாணவர்களும் ஆசிரியர்களும் அதிகம் இருப்பது அங்கேதான். படிப்பதற்காக வருபவருக்கு எங்கள் பரிந்துரை அர்பானா பக்கம்.

தூரத்தைக் கோடையில் நடந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆகஸ்டில் 25 நிமிட நடை இனிமையாக இருக்கும். ஜனவரியில் அதே நடை மூக்கையும் விரலையும் மரத்துப்போக வைக்கும். வகுப்புக்கு 15 நிமிட நடை, அல்லது பஸ் நிறுத்தத்துக்கு மூன்று நிமிட நடை: இந்த இரண்டில் ஒன்றாவது கைகூட வேண்டும்.

*எப்போது தேடுவது?* அடுத்த ஆகஸ்டுக்கான வீடுகளுக்கு இந்த ஆண்டு அக்டோபர், நவம்பரிலேயே கையெழுத்து போட ஆரம்பித்துவிடுவார்கள். நமக்குச் சேர்க்கைக் கடிதம் வருவதே மார்ச், ஏப்ரலில். பயப்பட வேண்டாம். அப்போதும் மூன்று வகை மிஞ்சியிருக்கும்: கூட ஒருவரைத் தேடும் அறைகள், பட்டம் முடிந்து போகிறவர்கள் மாற்றித் தரும் ஒப்பந்தங்கள், நிரம்பாமல் நின்ற பெரிய கட்டடங்கள். மூன்றாவது வகை மே, ஜூனில் விலையைக் குறைப்பதும் உண்டு. இரண்டாம் ஆண்டுக்கு வீடு மாற நினைத்தால், வந்த இரண்டாவது மாதத்திலேயே தேட ஆரம்பியுங்கள். “இப்போதே கையெழுத்து போடாவிட்டால் தெருவில்தான் நிற்பீர்கள்” என்று யார் அவசரப்படுத்தினாலும் இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள்.

பழைய அடுக்ககத்தில் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு மாதம் 500 முதல் 800 டாலர் வரை ஆகலாம். கேம்பஸ்டவுனின் புதிய கோபுரங்களில் ஆயிரத்தைத் தாண்டும்.

*ஒப்பந்தத்தில் எதைப் படிப்பது?*

முதலில், கூட்டு ஒப்பந்தமா தனி ஒப்பந்தமா என்று பாருங்கள். கூட்டு ஒப்பந்தத்தில் நான்கு பேர் கையெழுத்திட்டால், நால்வரில் ஒவ்வொருவரும் முழு வாடகைக்கும் பொறுப்பு. ஒருவர் டிசம்பரில் படிப்பை விட்டுப் போனால், அவர் பங்கை மற்ற மூவரிடமும் கேட்பார்கள். “என் பங்கை நான் கட்டிவிட்டேன்” என்பது அங்கே எடுபடாது. முகம் தெரியாதவர்களோடு சேரும்போது, படுக்கை கணக்கில் தனித்தனியாக எழுதும் ஒப்பந்தமே பாதுகாப்பு.

இரண்டாவது, தேதிகள். பன்னிரண்டு மாத ஒப்பந்தம் என்பார்கள். பல இடங்களில் அது ஆகஸ்டு நடுவில் தொடங்கி ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்டு முதல் வாரத்திலோ முடியும். நடுவில் சில நாட்கள் உங்களுக்கு வீடே இருக்காது. அடுத்துக் குடிவருபவருக்காகச் சுத்தம் செய்யும் நாட்கள் அவை. ஊரே ஒரே வாரத்தில் வீடு மாறுவதால் ஓட்டல் அறையும் கிடைக்காது, வாடகை வண்டியும் கிடைக்காது. அதே வீட்டில் தொடருவதற்கும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க ஒரு கடைசித் தேதி உண்டு. அதைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள்.

மூன்றாவது, வாடகைக்குள் எவை அடக்கம். தண்ணீர், குப்பை, இணையம் சேர்ந்திருக்கலாம். மின்சாரமும் எரிவாயுவும் பெரும்பாலும் தனி. ஆமெரன் நிறுவனத்தில் உங்கள் பெயரில் கணக்குத் தொடங்க வேண்டியிருக்கும். பழைய மரவீட்டில் வாடகை குறைவாகத் தெரியும். ஆனால் சன்னல் இடுக்கில் காற்று வரும் வீட்டைக் குளிர்காலத்தில் சூடாக்க ஆகும் பணம் அந்த லாபத்தை விழுங்கிவிடும். போன ஜனவரி, பிப்ரவரி ரசீதுகளில் தொகை எவ்வளவு என்று கேளுங்கள். மிதமான மாதங்களின் ரசீதைக் காட்டினால் ஏற்காதீர்கள்.

நான்காவது, வேறொருவருக்கு மாற்றித் தரலாமா, அதற்குக் கட்டணம் எவ்வளவு என்பது. கோடையில் வேறு ஊரில் பயிற்சி வேலை கிடைத்தால் இந்த வரி மூன்று மாத வாடகையைக் காப்பாற்றும். ஆனாலும் கோடையில் ஊர் காலி. மாற்றித் தருபவர்கள் ஆயிரக்கணக்கில், எடுப்பவர்கள் குறைவு. பாதி வாடகை திரும்பினாலே நல்லது என்று கணக்கு வையுங்கள்.

கையெழுத்துக்கு முன் பல்கலைக்கழகத்தில் வெளிவீடுகளுக்கென்றே இருக்கும் ஆலோசனை அலுவலகத்துக்கு ஒப்பந்தத்தை அனுப்புங்கள். படித்துப் பார்த்துச் சொல்வார்கள், கட்டணம் இல்லை. இதை ஏனோ நம்மவர்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை.

ஏமாற்று வேலைக்கு ஓர் அடையாளம் போதும்: “நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்.” அதோடு பேச்சை நிறுத்திவிடுங்கள். தெரிந்தவர் ஒருவர் நேரில் போய்க் கதவைத் திறந்து, அங்கே நின்றபடி காணொளி அழைப்பில் காட்டாத வரை ஒரு டாலரும் அனுப்ப வேண்டாம்.

*சாவி வாங்கும் நாள்.* பெட்டியைத் திறக்கும் முன் வீடு முழுவதையும் படம் எடுங்கள். அடுப்பின் உள்பக்கம், குளிர்பெட்டி, குளியலறைத் தரை, கம்பளக் கறை, சுவர் ஓட்டை, சன்னல் வலை எதையும் விடாதீர்கள். அன்றே அந்தப் படங்களை வீட்டு அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். தேதியோடு கிடக்கும் அந்த மின்னஞ்சல்தான் ஓராண்டு கழித்து உங்கள் சாட்சி.

தெருவோரத்து மேசை நாற்காலி

வீடு மாறும் அந்த ஆகஸ்டு வாரத்தில் தெருவோரம் முழுக்க மேசை, அலமாரி, விளக்கு, நாற்காலி குவிந்து கிடக்கும். எடுத்துக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் மரமும் இரும்பும் மட்டும். மெத்தை, சோபா, துணி உறை போட்ட நாற்காலி எதுவும் வேண்டாம். மூட்டைப்பூச்சி ஒருமுறை வீட்டுக்குள் வந்தால் மருந்தடிக்கும் செலவு புது மெத்தையைப் போலப் பல மடங்கு. மர மேசையிலும் இழுப்பறையின் உள்மூலைகளைக் கைவிளக்கால் பார்த்து, கரும்புள்ளிகள் இருந்தால் விட்டுவிடுங்கள்.

இன்னொரு நல்ல வழி, ரைட் தெருவிலிருக்கும் பல்கலைக்கழக ஒய்.எம்.சி.ஏ. ஆகஸ்டில் நடத்தும் விற்பனை. மே மாதம் ஊரை விட்டுப் போகிறவர்கள் கொடுத்துவிட்டுப் போன பாத்திரம், விளக்கு, சைக்கிள் எல்லாம் மிகக் குறைந்த விலைக்கு வரும். கதவு திறக்கும்போதே போய் நிற்க வேண்டும்.

முதல் பத்து நாட்கள்

வரிசை மாறினால் ஒரே அலுவலகத்துக்கு இரண்டு முறை நடக்க நேரும். அதனால் இப்படிச் செய்யுங்கள்.

1. ஐ-94 எனும் நாட்டுக்குள் நுழைந்த பதிவை இணையத்தில் எடுத்து அச்சிடுங்கள். பெயரும் விசா வகையும் சரியா என்று அன்றே பாருங்கள்.
2. பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் வந்ததைப் பதிவு செய்யுங்கள். இது முடியாமல் மற்றவை நகராது.
3. ஐ-கார்டு எனும் அடையாள அட்டை. நூலகம், பஸ், ஆய்வகக் கதவு எல்லாவற்றுக்கும் இதுதான்.
4. கைப்பேசி எண், அதன்பின் வங்கிக் கணக்கு. கடவுச்சீட்டு, பல்கலைக்கழகம் தந்த ஐ-20 படிவம், வீட்டு ஒப்பந்தம் மூன்றையும் எடுத்துப் போங்கள்.
5. தடுப்பூசிச் சான்று. தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா மூன்றுக்குமான ஊசி இரண்டு தவணை, டெட்டனஸ் வகை மூன்று தவணை. 22 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் ஊசியும். ஊரிலேயே போட்டு, மருத்துவர் கையெழுத்தோடு ஆங்கிலத்தில் சான்று வாங்கி வாருங்கள். இது இல்லையென்றால் அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய விடமாட்டார்கள்.
6. உதவியாளர் வேலை இருந்தால் சமூகப் பாதுகாப்பு எண். வந்து குறைந்தது பத்து நாட்கள் கழித்து, வேலைக் கடிதத்தோடு போங்கள். அதற்கு முன் போனால் குடிநுழைவுத் தகவல் கணினியில் ஏறியிருக்காது, திருப்பி அனுப்புவார்கள். வேலை இல்லாதவர் இந்த எண்ணுக்கு அலைய வேண்டாம்.

வீடு மாறினால் பத்து நாட்களுக்குள் புதிய முகவரியைப் பல்கலைக்கழகப் பதிவில் மாற்ற வேண்டும். எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருப்பவருக்கு இது சட்டம்.

காப்பீட்டில் ஓர் எச்சரிக்கை. பல்கலைக்கழகக் காப்பீடு தானாகவே கட்டணத்தில் ஏறும். உங்களிடம் இணையான வேறு காப்பீடு இருந்தால், செமஸ்டர் தொடக்கத்தில் குறித்த தேதிக்குள் விலக்கு கேட்க வேண்டும். ஆனால் மலிவுக் காப்பீட்டை வாங்கி இதை விட்டுவிடச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஓர் அவசர சிகிச்சைப் பிரிவு ரசீதுக்கு ஆயிரக்கணக்கான டாலர் ஆகலாம். சாதாரணக் காய்ச்சலுக்கு முதலில் வளாகத்தின் மெக்கின்லி சுகாதார மையத்துக்குப் போங்கள்; செமஸ்டர் கட்டணத்திலேயே பெரும்பாலானவை அடங்கும். உயிர்ப் பிரச்சினை என்றால் 911.

பஸ்

இவ்வளவு சிறிய ஊருக்கு இவ்வளவு நல்ல பஸ் வசதி அமெரிக்காவில் அரிது. எம்.டி.டி. என்ற பொதுப் போக்குவரத்து நிறுவனம் நடத்துகிறது. மாணவர் கட்டணத்தில் பஸ் செலவும் சேர்ந்திருப்பதால் ஐ-கார்டைக் காட்டினால் போதும். அட்டை வரும்வரை ஒரு டாலர், சில்லறையாக. ஓட்டுநர் மீதி தரமாட்டார். வளாகத்துக்குள் ஐ-ஸ்டாப் என்று குறித்த நிறுத்தங்களில் யாரும் எதுவும் காட்டாமல் ஏறலாம்.

தடங்களுக்கு நிறப் பெயர்களும் எண்களும் உண்டு. புதியவர்கள் குழம்புவது எண்ணில்தான். 22 இல்லினி என்பது வார நாள் பகலில் ஓடுவது. மாலையிலும் சனி ஞாயிறிலும் அது 220 ஆகிவிடும். ஒரு பூஜ்யம் சேர்ந்தால் நேரமும் சில இடங்களில் பாதையும் மாறும். எண்ணுக்குப் பக்கத்தில் வரும் எழுத்து திசையைச் சொல்கிறது. எண்ணை மட்டும் பார்த்து எதிர்த்திசை பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போவது முதல் மாதத்தில் எல்லோருக்கும் நடக்கும். விடுமுறை வாரங்களில் பஸ் எண்ணிக்கை பாதியாகக் குறையும். அந்த நாட்களில் செயலியைப் பார்க்காமல் நிறுத்தத்தில் போய் நிற்காதீர்கள், முக்கியமாகக் குளிரில்.

சைக்கிள் வாங்கினால் யு வடிவ இரும்புப் பூட்டு வாங்குங்கள். கம்பிப் பூட்டைச் சிறு கத்தரியால் அறுத்துவிடுவார்கள். இரவில் ஓட்டுவதற்கு முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பானும் சட்டப்படி வேண்டும். கார் முதல் ஆண்டில் தேவையில்லை. நிறுத்துமிடத்துக்குத் தனிக் கட்டணம், அதுவும் வளாகத்துக்குப் பக்கத்தில் எளிதில் கிடைக்காது.

சமையலறை

கொண்டுவர வேண்டியது: மூன்று அல்லது ஐந்து லிட்டர் குக்கர், கூடவே இரண்டு கேஸ்கட்டும் ஒரு வெயிட்டும். தாளிக்கும் கரண்டி, டபரா, ஃபில்டர். மிக்ஸி வேண்டாம். இங்கே மின்சாரம் 120 வோல்ட்; நம் 230 வோல்ட் மிக்ஸி முக்கி முக்கிச் சுற்றிக் கெட்டுப்போகும், அதற்கான டிரான்ஸ்ஃபார்மரோ மிக்ஸி அளவுக்கு எடை. 110 வோல்ட் இந்திய மிக்ஸியை இங்கேயே வாங்கலாம். பச்சைக் கறிவேப்பிலையைப் பெட்டியில் வைக்காதீர்கள். எலுமிச்சை இனப் பயிர்களுக்கு நோய் பரப்பும் என்பதால் தடை. சுங்கத்தில் அறிவிக்காமல் பிடிபட்டால் அபராதம். பருப்புப்பொடி, சாம்பார்பொடி, அப்பளம் கொண்டுவரலாம். கேட்டால் உணவுப்பொருள் இருக்கிறது என்று படிவத்திலும் வாயிலும் சொல்லிவிடுங்கள்.

பல அடுக்ககங்களில் சுருள் கம்பி மின் அடுப்பு. சூடேற நேரம் எடுக்கும், அணைத்தாலும் ஐந்தாறு நிமிடம் சூடு நிற்கும். பாலைப் பொங்கும்போது அணைத்தால் பொங்கியே தீரும். பாத்திரத்தையே நகர்த்த வேண்டும். குக்கரில் கடைசி விசிலுக்கு ஒரு விசில் முன்பே அணைத்துவிடலாம்.

புகை அலாரம்தான் நம் வீடுகளின் பெரிய சிக்கல். பல வீடுகளில் அடுப்புக்கு மேல் இருக்கும் விசிறி காற்றை வெளியே தள்ளுவதில்லை, வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடுகிறது. மிளகாய் தாளித்தால் அலாரம் அலறும். சில பெரிய கட்டடங்களில் அலாரம் கட்டடம் முழுவதற்கும் பொது. ஒரு வீட்டுத் தாளிப்புக்கு நூறு பேர் பனியில் இறங்கி நிற்க நேரும். அலாரத்தைப் பிளாஸ்டிக்கால் மூடுவதும் மின்கலத்தைக் கழற்றுவதும் சட்டத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் விரோதம், உயிருக்கும் ஆபத்து. செய்ய வேண்டியது வேறு: எண்ணெய் புகையும் முன்பே கடுகைப் போடுங்கள், மூடி வைத்து வெடிக்க விடுங்கள், மிளகாயை அடுப்பை அணைத்தபின் அந்தச் சூட்டிலேயே போடுங்கள், ஒரு சன்னலை இரண்டு அங்குலம் திறந்து வையுங்கள். படுக்கையறைக் கதவை மூடிவிட்டால் குளிர்ச் சட்டையில் மசாலா வாசம் ஏறாது.

அன்றாடக் காய்கறிக்கு கிரீன் தெருவின் டார்கெட்டும் ஸ்டோட்டன் தெருவின் கவுண்டி மார்க்கெட்டும் நடக்கும் தூரம். விலை குறைவு ஆல்டியிலும் ஊருக்கு வெளியே மையரிலும், பஸ் போகும். அரிசி, பருப்பு, உறைந்த கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் இந்தியக் கடைகளில். நாலு பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை காரில் போய் இருபது பவுண்டு மூட்டையாக வாங்குவது வழக்கம். மே முதல் அக்டோபர் வரை சனிக்கிழமை காலை அர்பானாவில் லிங்கன் ஸ்கொயர் பக்கம் உழவர் சந்தை கூடும். நண்பகலில் முடிந்துவிடும். ஆகஸ்டில் தக்காளியும் கத்திரிக்காயும் அருமையாக இருக்கும்.

கடை அட்டையில் போட்டிருக்கும் விலையில் வரி சேராது. பொதுப்பொருட்களுக்கு சுமார் 9 விழுக்காடு ஏறும். உணவகத்தில் பரிமாறுபவருக்கு 15 முதல் 20 விழுக்காடு கொடுப்பது முறை. அவர்கள் அடிப்படைச் சம்பளம் மிகக் குறைவு, விட்டுவிடாதீர்கள்.

குளிர்

சென்னையில் குளிர்ச் சட்டை வாங்க வேண்டாம். அங்கே விற்பது மூணாறு குளிருக்கானது. இங்கே தடுக்க மலையோ காடோ இல்லாத சமவெளி. வெப்பமானியில் மைனஸ் பத்து என்றால் காற்றில் மைனஸ் இருபதாக உறைக்கும். 2019 ஜனவரி 30 அன்று பல்கலைக்கழகம் குளிருக்காகவே வகுப்புகளை ரத்து செய்தது. காற்று புகாத, இடுப்புக்குக் கீழே இறங்கும் மேல்சட்டை ஒன்றை அக்டோபர், நவம்பரில் வாங்குங்கள், தள்ளுபடி கிடைக்கும். உள்ளே தெர்மல், நடுவே ஃப்ளீஸ், மேலே அந்தச் சட்டை. ஒரே கனமான சட்டையைவிட மூன்று அடுக்கு மேல், ஏனென்றால் வகுப்பறைக்குள் 22 டிகிரி இருக்கும், கழற்ற வேண்டும். தண்ணீர் புகாத, அடிப்பகுதி பள்ளமாக வெட்டிய பூட்ஸ் அவசியம். பனி உருகி இரவில் மறுபடி உறையும்போது கண்ணாடி மாதிரி ஒரு படலம் நடைபாதையில் படியும். அது கண்ணுக்குத் தெரியாது. சிறு அடி வைத்து, கைகளைப் பையிலிருந்து எடுத்துவிட்டு நடங்கள்.

வெப்பநிலையை இங்கே ஃபாரன்ஹீட்டில் சொல்வார்கள். 32 என்றால் உறைநிலை, பூஜ்யம் என்றால் மைனஸ் 18 செல்சியஸ். தேங்காய் எண்ணெய் அலமாரியிலேயே உறைந்துவிடும், வாய் அகன்ற ஜாடியில் வையுங்கள். ஹீட்டர் காற்று தோலை உலர்த்தி மூக்கில் இரத்தம் வரவைக்கும். படுக்கைக்குப் பக்கத்தில் சிறிய ஈரப்பதக் கருவி ஒன்று நல்லது.

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மிச்சம் பிடிக்கிறேன் என்று ஹீட்டரை அணைத்துவிட்டுப் போகாதீர்கள். தெர்மோஸ்டாட்டை 55 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறக்கவே கூடாது. குழாயில் தண்ணீர் உறைந்து விரிந்து வெடித்தால், கீழ்வீடு வரை நனையும், செலவு உங்கள் தலையில் விழலாம். கடுங்குளிர் நாட்களில் சமையலறைத் தொட்டிக்குக் கீழிருக்கும் கதவைத் திறந்து வைத்து, குழாயைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

மாலை நாலரைக்கே இருட்டும் டிசம்பர் பலரை மனதளவில் சோர வைக்கிறது. இது பலவீனம் இல்லை, வெளிச்சக் குறைவு உடம்பைப் பாதிக்கிறது. பகலில் அரை மணியாவது வெளியே நடங்கள். மனம் மிகவும் அழுத்தினால் வளாக ஆலோசனை மையத்தில் பேசுங்கள். மாணவர்களுக்குத் தனிக் கட்டணம் கிடையாது.

நாட்காட்டியில் குறிக்க வேண்டியவை

மாதத்தின் முதல் செவ்வாய் காலை பத்து மணிக்கு ஊர் முழுக்கச் சங்கு ஊதும். சூறாவளி எச்சரிக்கைக்கான சோதனை அது. வேறு நேரத்தில் ஊதினால் சோதனை இல்லை: உடனே கீழ்த்தளத்துக்கு அல்லது சன்னல் இல்லாத உள்ளறைக்குப் போங்கள்.

இலையுதிர் காலத்தில் ஆறேழு சனிக்கிழமைகள் கீஸ் மெமோரியல் ஸ்டேடியத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம், 1923 முதல் அங்கேதான். ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் கொள்ளும். அன்று ஃபர்ஸ்ட் தெருவும் கிர்பி அவென்யூவும் நகராது. மளிகை வேலையை வெள்ளியே முடித்துவிடுங்கள். பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் தொடக்க வெள்ளியன்று கேம்பஸ்டவுனில் காலையிலேயே குடித்துக் கொண்டாடும் ஒரு நாள் உண்டு, அன்று அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

நவம்பரில் நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) வாரம் முழுக்க விடுமுறை. சிகாகோ பஸ், ரயில் டிக்கெட்டை மூன்று நான்கு வாரம் முன்பே எடுங்கள். மார்ச் நடுவில் கடிகாரம் ஒரு மணி முன்னால் போகும், நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் வரும். வீட்டுக்குப் பேசும்போது கோடையில் பத்தரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பதினொன்றரை.

மே நடுவில் ஊர் ஒரே வாரத்தில் காலியாகும். அப்போதுதான் இங்கே மாணவர் அல்லாதவர்கள் எவ்வளவு பேர் என்று தெரியும்: கார்ல் மருத்துவமனைச் செவிலியர்கள், பண்ணைக்காரர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். அவர்களோடு பழகுங்கள். ஒப்பந்தத்தைக் காட்டினால் அர்பானா ஃப்ரீ லைப்ரரியில் அட்டை கிடைக்கும். மெடோபுரூக் பூங்காவில் புல்வெளி ஆளுயரம் வளர்ந்து நிற்கும். வளாகத்துக்குள்ளேயே 1876 முதல் விடாமல் பயிரிட்டு ஆய்வு செய்யும் மாரோ வயல் இருக்கிறது. அதன்மேல் நிழல் விழக்கூடாது என்று பக்கத்து நூலகத்தையே நிலத்துக்கு அடியில் கட்டினார்கள்.

ஆகஸ்டு திரும்பும்போது

காலி செய்வதற்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். நம் வீடுகளில் முன்பணத்தைத் தின்பது இரண்டு: மேடையில் மஞ்சள் கறை, அடுப்புக்கு மேலே சுவரிலும் அலமாரியிலும் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு. மஞ்சளுக்குச் சமையல் சோடாவையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் குழைத்துப் பூசி அரை மணி விட்டுத் துடைக்க வேண்டும். ஒரு தடவையில் போகாது, இரண்டு மூன்று நாள் செய்யுங்கள். முதலில் மூலையில் சோதித்துப் பாருங்கள், சில மேடைகள் வெளுத்துவிடும். பிசுக்குக்கு எண்ணெய் நீக்கி தெளித்துப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். அடுப்புச் சுருளுக்குக் கீழே இருக்கும் தட்டுகள் கறுத்திருந்தால் தேய்த்துக் கையை நோகடிக்காதீர்கள், புதுத் தட்டு சில டாலர்தான்.

மின்சாரக் கணக்கை ஒப்பந்தம் முடியும் தேதிக்கு நிறுத்தச் சொல்லுங்கள், காலி செய்யும் தேதிக்கு இல்லை. வாடகை வண்டியை ஜூனிலேயே பதிவு செய்யுங்கள். இடைப்பட்ட வீடில்லா நாட்களுக்கு, அடுத்த வீட்டில் முன்கூட்டியே நுழைய ஒரு நாளுக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டா என்று கேளுங்கள். சில இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். இல்லையென்றால் ஒப்பந்தம் தொடரும் நண்பர் வீட்டில் பெட்டிகளை அடுக்குவதுதான் வழி.

எல்லாம் எடுத்த பிறகு, முதல் நாள் எடுத்த அதே கோணங்களில் மறுபடி படம் எடுங்கள். சாவிக்கு ரசீது வாங்குங்கள். முன்பணம் அனுப்ப வேண்டிய முகவரியை எழுத்தில் கொடுங்கள். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள கட்டடம் என்றால், பழுதுக்காகப் பணம் பிடிப்பதாயின் 30 நாட்களுக்குள் இனவாரியான பட்டியல் தர வேண்டும், தராவிட்டால் 45 நாட்களுக்குள் முழுத்தொகையும் திருப்ப வேண்டும் என்பது இல்லினாய் மாநிலச் சட்டம். 31ஆம் நாள் வரை எதுவும் வரவில்லை என்றால், இரண்டு முறை எடுத்த படங்களையும் இணைத்து, அந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். பெரும்பாலும் அதற்கே காசோலை வந்துவிடும். வராவிட்டால் அதே மின்னஞ்சலை எடுத்துக்கொண்டு மாணவர் சட்ட உதவி அலுவலகத்துக்குப் போங்கள்.